இரண்டு ஜாடிச் சேறு: வினோகிராத்ஸ்கி குழல் வைப்போருக்கு

சேற்றை ஜாடியில் அடைத்து வெளிச்சத்தில் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் நிற அடுக்குகளாக வளர்வதைப் பார்க்கும் சோதனைதான் வினோகிராத்ஸ்கி குழல். அதற்கு ஒரு ஜாடி போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் உயிருள்ள சேறு, மற்றதில் வேகவைத்துக் கொன்ற சேறு. பலரும் முதலாவதை மட்டும் வைத்து, பச்சையும் ஊதாவும் படர்ந்ததும் படமெடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அந்த மாற்றம் உயிரால்தான் வந்ததா என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், உயிர் இருக்கிறதா என்று மண்ணில் ஊட்டச்சத்துக் கரைசலை விட்டுப் பார்த்த சோதனையில், அதே மண்ணை 160 பாகை செல்சியசில் 3 மணி நேரம் சுட்டும் ஒப்பிட்டுப் பார்த்தன. அப்படிச் செய்தும் வழக்கு முழுதாகத் தீரவில்லை.

சேறு என்றதும் சிங்கப்பூரில் சுங்கை பூலோ, செக் ஜாவா என்று சதுப்புநிலங்களுக்குக் கால் போகும். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு கைப்பிடிகூட எடுக்கக்கூடாது. பள்ளி அல்லிக்குளத்து அடிச்சேறு போதும், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சதுப்புநிலச் சேற்றுக்குக் கடல்நீரிலிருந்தே சல்ஃபேட் கிடைத்துவிடும். குளத்துச் சேற்றில் அது குறைவு, நாம்தான் போட வேண்டும்.

ஜாடி ஒன்றுக்கு 1 லிட்டர் கொள்ளளவு, 1 கிலோ சேறு. கல், குச்சி, வேரைப் பொறுக்கிவிட்டு, கெட்டியான தோசைமாவுப் பதத்துக்குக் குளத்து நீர் விட்டுக் கலக்குங்கள். அதில் 300 கிராம் தனியே எடுத்து, பொடியாகக் கிழித்த செய்தித்தாள் 4 கிராம் (பழைய தமிழ் முரசு, வண்ணப்படம் இல்லாத பக்கம்), அரைத்த முட்டை ஓடு 4 கிராம், ஜிப்சம் 4 கிராம் சேருங்கள். காகிதம் கரிம உணவு, ஓடு அமிலத்தை அடக்கும், ஜிப்சம் சல்ஃபேட் தரும். இந்தக் கலவை அடியில், மீதிச் சேறு அதன்மேல். ஒவ்வொரு கரண்டிக்கும் ஜாடியை மேசையில் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே 3 செ.மீ. நீர், அதற்கு மேல் 3 செ.மீ. வெற்றிடம்.

கை தாராளமாகப் போனால் இங்கேதான் கெடும். காகிதம் கூடினால் நொதித்த வாயு சேற்றை இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிவிடும். ஜிப்சம் போதாதென்று முட்டை மஞ்சளையும் போட்டால் சல்ஃபைடு மிகுந்து ஜாடி முழுக்கக் கறுத்து, ஊதா பாக்டீரியா தலைகாட்டாது. நாற்றம் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஒப்பீட்டு ஜாடிக்கும் இதே அளவுகள்தான். ஆனால் சேற்றை ஜாடியில் வைத்து வேகவைக்காதீர்கள், நடுப்பகுதிக்குச் சூடு போகாது. 3 செ.மீ. ஆழத்துக்கு எஃகுத் தட்டுகளில் பரப்பி, அலுமினியத் தாளால் மூடி, பிரஷர் குக்கரில் 45 நிமிடம். (சாம்பார் வைக்கும் குக்கர் வேண்டாம்.) ஒரு தடவை வேகவைத்ததோடு விட்டால் இரண்டே வாரத்தில் இந்த ஜாடியும் கறுக்கக்கூடும். சல்ஃபேட்டைச் சுவாசித்துச் சல்ஃபைடாக்கும் டெசல்ஃபோடொமாகுலம் போன்ற பாக்டீரியா வித்துகளாக மாறிச் சூட்டைத் தாங்கிவிடும். அதனால் மூன்று நாள் அடுத்தடுத்து வேகவையுங்கள். இடைப்பட்ட இரவுகளில் முளைக்கும் வித்துகள் மறுநாள் சூட்டில் சாகும். ஜாடி, கரண்டி, மேலே விடும் நீர் எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: குளத்திலிருந்து எடுக்கும்போதே சேறு கறுப்பாக இருக்கலாம். அது இரும்பு சல்ஃபைடு, வேகவைத்தால் போகாது. முதல் நாளே இரண்டு ஜாடிகளையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். கறுப்பை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

வாயை இறுக மூடக்கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். திறந்தும் வைக்கக்கூடாது, ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரியிடம் அறிவியல் விளக்கம் எடுபடாது. கிளிங் ஃபிலிமை ரப்பர் பேண்டால் கட்டி, ஊசியால் நான்கு துளை போதும்.

பலருக்கு ஊதா வராததற்குக் காரணம் வெளிச்சம். ஊதா பாக்டீரியாவின் நிறமி 800 முதல் 890 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். வெள்ளை எல்இடி விளக்கில் அது ஏறக்குறைய இல்லை, அதனடியில் பாசிதான் செழிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னலில் வெப்பத்தடுப்புப் படலம் ஒட்டியிருந்தாலும் இதே கதி. படலமில்லாத ஜன்னலருகில், நேர்வெயில் படாமல் வையுங்கள். மேற்கு பார்த்த ஜன்னல் வேண்டாம், பிற்பகலில் ஜாடி வெந்துவிடும்.

நம்மூர் வெப்பத்தில் முதல் வாரமே குமிழிகள், பிறகு கறுப்பு. பச்சையும் ஊதாவும் தெரிய நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். சல்ஃபைடைக் கூடுதலாகத் தாங்கும் பச்சைக் கந்தக பாக்டீரியா கீழே, ஊதா அதற்கு மேலே.

கண்ணுக்குத் தெரியாத கூட்டு வேறு. நொதிக்கும் பாக்டீரியா ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. அது தேங்கினால் நொதித்தலே நின்றுவிடும். சல்ஃபேட்டைச் சுவாசிப்பவையும் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா போலத் தோன்றும், ஆனால் வேறு வகை ஒருசெல் உயிர்கள்) அதை உடனுக்குடன் தின்று தீர்க்கின்றன. ஒரே உயிர் என்று நம்பப்பட்ட ‘மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கி’ உண்மையில் இப்படி ஒட்டி வாழ்ந்த இரண்டு உயிர்கள் என்று 1967இல்தான் தெரிந்தது. நம் செல்களின் மூதாதைக்கு நெருங்கிய உறவாகக் கருதப்படும் ஆஸ்கார்ட் ஆர்க்கியா ஒன்றை ஜப்பானியர் 2,533 மீட்டர் ஆழக் கடற்சேற்றிலிருந்து வளர்த்தெடுக்க 12 ஆண்டுகள் பிடித்தன. 2020இல் வெளியான அந்த ஆய்விலும் அது தனியாக வளரவில்லை, ஹைட்ரஜன் தின்னும் துணையோடுதான் வளர்ந்தது.

எட்டாவது வாரம் நீண்ட துளிக்குழாயைக் கண்ணாடியை ஒட்டியே இறக்கி, ஊதாப் பட்டையில் ஒரு சொட்டு எடுங்கள். இறக்கும்போது குமிழை அழுத்தியபடியே வையுங்கள், சேற்றுக்குள் அழுத்தினால் அடுக்கு கலைந்துவிடும். நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள்: நீந்தும் இளஞ்சிவப்புக் குச்சிகளின் உள்ளே மணிமணியாக ஒளிர்பவை கந்தகத் துணுக்குகள். அடுத்த சொட்டை ஒப்பீட்டு ஜாடியில் அதே உயரத்திலிருந்து எடுங்கள். துளிக்குழாயை மாற்ற மறக்காதீர்கள்.