ஓடு விலகிய வீடுகள்: செட்டிநாட்டு நாட்குறிப்பு

25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆத்தங்குடியில் டிக்கெட் வாங்கிப் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அதே தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குள்தான் என் கேமரா போகிறது.

இன்று போன வீட்டின் சாவி, பின்கட்டில் குடியிருந்து காவல் பார்க்கும் ஓர் அம்மாவிடம் இருக்கிறது. "உள்ளே போய் எடுத்துக்கொள் தம்பி. மாடி மெத்தைக்கு மட்டும் ஏறாதே, கட்டை உளுத்துக் கிடக்கிறது" என்றார். முகப்பில் நின்றால் வளவு (வானம் பார்த்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை ஓடுகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவைச் சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கணவனும் மனைவியுமாக ஒரு புள்ளி என்பது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், கணக்கு. அத்தனை புள்ளிகள் வாழ்ந்த வீட்டில் இப்போது வௌவால்கள்தாம் இருக்கின்றன.

தேக்குத் தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூங்கல் (பூவேலைப்பாடுள்ள தளக்கல்) தரையை ஈரத்துணியால் துடைத்ததும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எழுந்தன. அண்ணாந்தபோதுதான் வயிறு கலங்கியது. வளவின் வடகிழக்கு மூலையில், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில், கையகல ஓட்டையின் வழியே வானம் தெரிகிறது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை சாகத் தொடங்கியது அந்த மூலையில்தான். இரண்டு கூரைகளின் மழையும் வந்து சேரும் இடம் அது. காற்றிலோ குரங்கின் காலிலோ ஓர் ஓடு நகர்ந்தால் போதும். ஓட்டைத் தாங்கும் கைமரம் நனைகிறது. அடுத்த ஆண்டு அது தொய்கிறது, மேலும் பத்து ஓடுகள் சரிகின்றன. பிறகு சுவரின் தலையில் நீர் இறங்கிச் சாந்து விடுகிறது. பறவை போட்ட அரசவிதை அந்த ஈரத்தில் முளைக்கிறது. வேர் சுவரைப் பிளக்கும் கட்டத்தில்தான் ஊரார் கண்ணில் 'பாழடைந்த வீடு' தட்டுப்படுகிறது.

31 ஆகஸ்ட், சனி

படம் எடுக்கும் முறை பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள்.

வளவில் வெயில் கொட்டும். நாலடி தள்ளி, அதை ஒட்டிய கூடமான பட்டாசாலையில் இருட்டு. ஒரே அளவு ஒளி வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது. முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, நடுவே ஒன்று என எடுத்துப் பிறகு சேர்க்கிறேன். கேமரா மட்டமாக இருக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் தூண்கள் உள்பக்கம் சாய்ந்து, நேராக நிற்கும் சுவரும் விழப்போவதாகத் தோன்றும். சாய்ந்த சுவர் எது என்று அறியத்தானே படம் எடுக்கிறோம்!

எனக்கு மிகவும் உதவுவது ஒரு சாதாரண டார்ச் விளக்கு. சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் ஒளியடித்தால் நேர்ப்பார்வைக்குத் தெரியாத வீக்கமும் வெடிப்பும் நிழலாக எழுந்து நிற்கும். சாந்து சுவரைவிட்டுக் கழன்றிருக்கும் இடத்தை அப்படித்தான் கண்டுகொள்கிறேன். ஒவ்வொரு சேதத்தின் அருகிலும் அளவுநாடா வைத்து ஒரு படம். சுதைச் சிற்பங்களைச் சுற்றி நகர்ந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்ததிலும் வருமாறு வரிசையாக எடுத்தால், கணினியில் முப்பரிமாண வடிவம் எழுப்பலாம். நாளை அவற்றில் ஒரு யாளி உடைந்தாலும் ஸ்தபதிக்கு அளவு கிடைக்கும்.

முகக்கவசம் இல்லாமல் வௌவால் எச்சம் கிடக்கும் அறைக்குள் போகாதீர்கள். உளுத்த மரத்தின்மேல் நிற்காதீர்கள்.

இடிபாட்டின் அழகுக்காக எடுக்கப்படும் படங்கள் இணையத்தில் நிறைய வருகின்றன: உடைந்த பெல்ஜியம் கண்ணாடி, நடுவே ஒரு பெண், சிந்திய ஒளி. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்த மூலையில் ஒழுகுகிறது என்பதை அவை சொல்வதில்லை. வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்து விரும்பலாம், கொத்தனாரை அழைக்கமாட்டார்.

8 செப்டம்பர், ஞாயிறு

ஊரின் பெயரை ஏன் எழுதவில்லை என்று மறுபடியும் கேள்வி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பிரித்த வீடுகளின் வாசல் நிலைகள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், தஞ்சாவூர்ப் படங்கள் எல்லாம் கடைகளில் நிற்கும். வீட்டைக் காக்க வழியில்லாமல் விற்ற குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்ன ஊரில், இன்ன தெருவில் ஆளில்லாத வீட்டில் இப்படியொரு வாசல் நிலை இருக்கிறது என்று நானே ஊருக்கெல்லாம் அறிவித்தால், அதைப் பெயர்க்க வருகிறவனுக்கு வழிகாட்டியது என் படமாகிவிடும். இடக்குறிப்பைக் கோப்பிலிருந்து அழித்த பிறகே படத்தை வெளியிடுகிறேன். தெருப்பெயர் தெரியும் பலகை இருந்தால் வெட்டிவிடுகிறேன். உரிமையாளரின் அனுமதியில்லாத படம் எதுவும் இங்கே வராது.

22 செப்டம்பர், ஞாயிறு

ஓர் இளைஞர் கடுமையாக எழுதியிருக்கிறார். வட்டித் தொழிலில் சேர்த்த பணத்தில் எழுந்த மாளிகைகள். அவை விழுந்தால் யாருக்கு நட்டம்? குடிசை ஒழுகும் ஊரில் மாளிகைக்கு எதற்கு அழுகை?

நியாயமான கேள்வி. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தபின் அங்கே நெல் பெருகியது. அந்த நெல்லுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930-இல் கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடகு நிலங்கள் கைமாறின. 1938-இல் அது 25 சதவீதம். நிலம் இழந்த பர்மிய உழவனின் துயரம் இந்தத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் உண்டு. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் நாட்டுடைமையாயின. பணம் வந்த வழி அடைபட்டது. இந்த வீடுகள் பூட்டப்பட்டதன் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மறைக்க வேண்டிய வரலாறு அன்று இது. வீட்டை இடித்துவிட்டால் அந்த உழவனின் கதையைச் சொல்லும் சாட்சியும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் செட்டியாருடையது, கை யாருடையது? சுண்ணாம்பை அரைத்தவர், கடுக்காய் ஊறவைத்தவர், கடைசிப் பூச்சைக் கண்ணாடிபோல் தேய்த்தவர், மரத்தில் கிளியைச் செதுக்கியவர், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றிப் பூங்கல் வார்த்தவர். அவர்கள் பெயர் எந்த முகப்பிலும் எழுதப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து இந்தச் சுவர்களில் இருக்கிறது. அவர்களுக்காகவே நான் படம் எடுக்கிறேன்.

வறண்ட பூமியில் கூரையில் விழுந்த மழையை வளவில் இறக்கி, அண்டாவில் பிடித்து, மிச்சத்தை வாய்க்கால் வழியே ஊருணிக்கு அனுப்பிய ஏற்பாடும் இந்த வீடுகளோடு சேர்ந்ததுதான். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் அந்த வளவில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

6 அக்டோபர், ஞாயிறு

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் இடம்பெற்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் ஓடு மாற்றித் தராது. வீடு ஒருவருடையதாக இருந்தால் பேசி முடிக்கலாம். இங்கே பங்காளிகள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறியிருக்கிறார்கள். விற்க ஒருவர், வேண்டாமென ஒருவர். யாரும் தீர்மானிக்காததால் மழை தீர்மானிக்கிறது.

ஆகஸ்டில் போன அந்த வீட்டின் படங்களை ஒரு பங்காளியின் வீட்டு ஆச்சிக்கு அனுப்பியிருந்தேன். கூடல்வாய் ஓட்டை, அதன் கீழே கறுத்த கைமரம், அதன் கீழே ஊறிய சுவர்: வரிசையாக, அம்புக்குறி போட்டு. இன்று பேசினார். "முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்தபோது கூட அந்த மூலையை யாரும் பார்க்கவில்லை தம்பி. சாமி அறையோடு திரும்பிவிடுவோம்" என்றார். முழு வீட்டையும் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அந்தத் தொகையைக் கேட்டுத்தான் எல்லாரும் கைவிடுகிறார்கள். ஐப்பசிக்கு முன் நாலு மூலைகளை மட்டும் ஓடு மாற்றி மேய்ந்துவிடலாம் என்றேன். பங்காளிகளிடம் படங்களைக் காட்டிப் பேசுவதாகச் சொன்னார்.

13 அக்டோபர், ஞாயிறு

மூலை ஓடுகளுக்கான செலவை மூன்று பங்காளிகள் பகிர்ந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் எதிர்க்கவில்லை, அதுவே போதும்.

கொத்தனார் வந்து பார்த்தார். முன்பு யாரோ சிமெண்ட் பூசிய இடத்தைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார், பொத்தென்று ஒலித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளமாகப் பெயர்கிறது. "இதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூசலாம் தம்பி, ஆனால் மழை கழிந்து தை மாதத்தில்" என்றார். இப்போதைக்குக் கூரை மட்டும். இரண்டு கைமரங்களை மாற்ற வேண்டும். அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடு எடுக்க ஆள் சொல்லியிருக்கிறார். பழைய நாட்டு ஓடுகளுக்கு, பக்கத்து ஊரில் பிரித்த ஒரு வீட்டின் ஓடுகளை விலைபேசியிருக்கிறோம்.

நாளை காலை ஏணி வருகிறது. தென்மேற்கு மூலையை நான் இன்னும் மேலிருந்து எடுக்கவில்லை. ஓடு பிரிக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.