மொட்டைமாடியில் பத்துமணிப் பூ

இந்த மே மாத வெயிலிலும் எங்கள் மொட்டைமாடியில் வாடாமல் நிற்பது பத்துமணிப் பூதான். டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கவலையில்லை.

போன வருடம் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி ஒரு தொட்டி முழுக்க அழுகிப்போனது. மனசே கேட்கவில்லை. இப்போது மண்ணில் பாதிக்குப் பாதி மணல். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

விரல் நீளத் தண்டைக் கிள்ளி நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். நல்ல வெயில் படுகிற இடமாகப் பாருங்கள், நிழலில் மொட்டு சரியாக விரியாது. காலையில் ரோஸும் மஞ்சளுமாக விரிந்து, மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பூ விரிந்திருக்கும் நேரத்தில் நான் மாடியில்தான் இருப்பேன். தண்டு வேண்டுபவர்கள் சொல்லுங்கள், கிள்ளித் தருகிறேன்.