குமட்டலுக்குக் கஷாயம் வேண்டாம், ஒரு சில்லு இஞ்சி போதும்

ஒற்றைத் தலைவலியில் வலியைவிடக் குமட்டல்தான் பெரிய பாடு என்றால், அது வராதவர்கள் நம்புவதில்லை. வலியோடு கண்ணை மூடிக் கிடந்துவிடலாம். வயிறு புரட்டினால் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அந்த நேரத்தில் இரைப்பையின் வேகம் குறைந்துவிடுகிறது. உள்ளே போனது கீழே இறங்காமல் நிற்கும். போட்ட மாத்திரை சரியாகக் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி இருக்கும்போது டம்ளர் நிறையக் கஷாயம் கொண்டுவந்து "ஒரே மூச்சில் குடிச்சிடு" என்பவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். சரக்கு நல்லதுதான், அளவுதான் எதிரி. இறங்காத வயிற்றில் கால் லிட்டரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் போகும்?

நான் செய்வது இவ்வளவுதான். வாயில் எச்சில் ஊறத் தொடங்கியதுமே, தோல் சீவிய இஞ்சியில் ஒரு மெல்லிய சில்லை உப்பில் தொட்டுக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன். மெல்லுவதில்லை. சாறு தானாக ஊறி இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன். தொண்டை வரை வந்த பிறகு இதெல்லாம் எடுபடாது.

இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால், ஷோகால் என்ற பொருட்கள். உடலில் சுரக்கும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைப் பிடித்துக் குமட்டலைத் தூண்டும் ஏற்பிகளை இவை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. டாக்டர் எழுதித்தரும் ஆன்டான்செட்ரான் மாத்திரை அதே ஏற்பியைத்தான், இன்னும் பலமாக அடைக்கிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. சுக்கு அப்படி உறைப்பது அதனால்தான். கர்ப்பகாலக் குமட்டலுக்கான பல ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளைக்கு 1 கிராம் இஞ்சிப் பொடி, 250 மில்லிகிராமாக 4 வேளை. அரை டீஸ்பூன் அளவே வரும் பொடியை நான்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்! கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே எடுக்கட்டும். பயணக் குமட்டலுக்கு இஞ்சி உதவுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

புதினாவை நான் விழுங்குவதே இல்லை, முகர்வதோடு சரி. அதிலுள்ள மென்தால் உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்திவிடும், நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அது வேண்டாத வேலை. இலையைக் கசக்கி மூக்கருகே வைத்து நிதானமாக மூச்சை இழுத்துவிட்டால் புரட்டல் தணிகிறது. பாதிப் பலன் அந்த மூச்சினால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏலக்காய், சோம்பு வாய்க் கசப்பைப் போக்கும், அதற்கு மேல் அவற்றிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. கிராம்பு பக்கமே போவதில்லை, நாக்கு மரத்துப்போனால் எனக்குக் குமட்டல் கூடுகிறது.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்குப்பொடியைத் தினப்படி ஆக்கிக்கொள்ள வேண்டாம். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறமோ தெரிந்தால், தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தால், இஞ்சி சீவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.