இரவில் உப்பு, பகலில் படம்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருக்கும் அண்ணை தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் வருசா வருசம் எழுதித் தருகினம். நீ படம் எடுக்கிறனீ. உன்ர நாள் எப்பிடிப் போகுதெண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாவன்." மறுக்க வழியில்லை. கல்லூரியில் அவர் எங்கள் இல்லத் தலைவர்.

படம் எடுக்கிறவன் என்றதும் எங்கள் சனம் நினைப்பது வேறு. கலியாண வீடுகளில் என்னைக் காணும் மாமிமார், "இப்ப என்ன படம்? ஆர் கதாநாயகி?" என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு விவரணப் படம், கதாநாயகி இல்லை, பாட்டும் இல்லை என்றால், "அப்ப ஆர் பாக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நூலக மண்டபத்தில் போட்ட கதிரைகளில் பாதி நிறைந்தால் எனக்கு அது வெற்றிப்படம். ஆகவே கோடையில் ஊரார் வீட்டுக் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் வீடியோ எடுக்கிறேன். பனிக்காலத்தில் உப்புப் போடுகிறேன்.

உப்பு என்றால் கறிக்கல்ல, தெருவுக்கு. தூறல் உறையத் தொடங்கினால் இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ கைபேசி அடிக்கும். பிக்கப்பின் பின்பெட்டி நிறைய உப்பு, அதை விசிற ஒரு சுழல் தட்டு. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் உள்ள கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்கள்தான் எனக்குத் தந்த வட்டாரம். ஒரு பிடி போதுமான இடத்தில் மூன்று பிடி போடச் சொல்வார்கள். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். பனியில் வழுக்கி விழுந்தவர் 60 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2021இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பயம் மட்டும் குறையவில்லை. குளிர் மறை 10 பாகைக்கும் கீழே போனால் சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது. அப்போதும் போடுவோம். நிலம் வெள்ளையாகக் கிடந்தால்தான் கடைக்காரருக்கு மனம் ஆறும். ஹியூரன் ஏரிக்கடியில் ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் தோண்டப்படும் கொட்றிச் சுரங்கம்தான் உலகிலேயே பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் என்கிறார்கள். நிலத்துக்கடியில் பேசாமல் கிடந்த உப்பை மேலே கொண்டுவந்து ஓடையில் கரைத்துவிடுவது ஒரு பெரிய தொழில். அதில் நானும் ஒரு சம்பளக்காரன்.

விடிந்ததும் அதே உப்பின் பின்னால் கமராவோடு போகிறேன். ஹைலண்ட் கிறீக் என்னும் ஓடை ஸ்காபரோவின் தரிப்பிடங்கள், கூரைகள், தெருக்கள் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. குளிரில் பற்றறி கண்முன்னே செத்துப்போகும். அதனால் மாற்றுப் பற்றறிகளை உட்சட்டைப் பையில், உடம்புச் சூடு படும்படி வைத்திருப்பேன். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்த மறுநிமிடம் வில்லையெல்லாம் வியர்த்துவிடும். அப்புறம், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் ஒரு குட்டிக் கடத்துதிறன் மானியை ஓடையில் விட்டு, அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்வேன். நீர்வாழ் உயிர்களுக்குக் கனடா வகுத்திருக்கும் நீண்டகால எல்லை லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு, அதாவது உப்பின் ஒரு கூறு. கணக்குப் பார்த்தால், ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 30 லீற்றர் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். தெரு உப்பு சூழலுக்கு நஞ்சு என்று 2001இலேயே கனடிய அரசின் மதிப்பீடு சொல்லிவிட்டது. உக்காது, ஆவியாகாது, மண்ணில் இறங்கிக் கிடந்து கோடையிலும் ஊறி வந்துகொண்டிருக்கும்.

இந்த உப்புப் பைத்தியம் எனக்கு இங்கே வந்து பிடித்ததல்ல. என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், தொண்ணூறுகளின் முற்பகுதி, யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். ஆய்வுகூடத்தில் போத்தல்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. இரசாயனம் படிப்பித்த சேர் ஒரு நாள், அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். சோடாப் போத்தலிலும் மருந்துக் குப்பியிலும் கொண்டுபோனோம். அலுமாரியின் பூட்டைத் திறந்து ஒரு கபிலநிறப் போத்தலை எடுத்தார், அடியில் ஒரு விரற்கடை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல். தண்ணீரில் உப்பிருந்தால் அது வெள்ளையாகத் திரளும். ஒரு சோதனைக் குழாய்க்கு ஒரு துளி, அதற்கு மேல் இல்லை. செம்மண் தோட்டப் பக்கத்துப் பெடியன்களின் குழாய்களில் இலேசான வெண்மூட்டம். கரையோரத்தில் இருந்து வந்தவர்களின் குழாயில் துளி விழுந்த இடத்திலேயே தேங்காய்ப்பால் மாதிரித் திரண்டது. "உன்ர வீட்டுத் தேத்தண்ணிக்கு உப்பே போடத் தேவையில்லை" என்று ஒருவனைப் பார்த்துச் சொன்னார். அவன் முகம் சிறுத்துப்போனது.

மணி அடித்ததும் குழாய்களைக் கழுவாமல் யன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டோம். மறுநாள் பார்த்தால் வெயில் பட்ட பக்கத்து வெள்ளை, ஊதாவும் சாம்பலுமாக மாறியிருந்தது. வெள்ளிக் குளோரைட்டில் வெளிச்சம் பட்டால் வெள்ளி பிரிந்துவிடும், படச்சுருளிலும் இதே சாதிச் சரக்கைத்தான் பூசியிருக்கிறார்கள் என்று சேர் சொன்னார். அதுவரை படம் என்றால் எனக்கு, ஒழுங்கையே காசு சேர்த்து டெக்கும் டீவியும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்ப்பதுதான். எங்கள் கிணற்று உப்பில் வெயில் கோடு போட்டதைப் பார்த்த பிறகு, பார்ப்பதைவிட எடுப்பதில் ஆசை வந்தது.

அதே சேர்தான் எங்கள் நிலத்தடியைக் கரும்பலகையில் கீறிக் காட்டினார். சுண்ணாம்புக்கல், அதன் இடுக்குகளில் கடல்நீர், அதன்மேல் மிதக்கும் மழைநீர். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். ஆறில்லாத குடாநாட்டுக்கு மாரி மழை ஒன்றே முதல். துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்த காலத்தில் மனித உடம்பே ஒரு கட்டுப்பாடு, களைத்தால் நிறுத்திவிடுவான். இறைக்கும் மெசினுக்குக் களைப்பில்லை. எரிபொருள் தடை வந்தபோது துலாக்கள் திரும்பவும் எழும்பியது நினைவிருக்கிறதா? தடை எங்களைப் படுத்திய பாடு வேறு கதை. கிணறுகள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது உப்போடு மட்டும் நிற்கவில்லை. குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் யூரியாவின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிவிட்டது. சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் இறங்கிய வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் படத்தில் போட்டால் எங்கள் ஆட்கள் தலையாட்டிப் பார்ப்பார்கள். அடுத்த காட்சியில்தான் நெளிவார்கள். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகள், முற்றம் முழுக்க இன்ரலொக் கல், மதிலிலிருந்து மதில்வரை ஒரு சாண் மண் தெரியாது. விழும் மழை வாசலால் தெருவுக்கு ஓடுகிறது, பின்வளவில் ஆழத்துக்குக் குழாய்க்கிணறு அடிக்கிறோம். நன்கொடை என்றும் குழாய்க்கிணறுதான் அடித்துக் கொடுக்கிறோம், பெயர்ப்பலகையோடு. அந்தப் படங்கள் சங்க மலர்களில் வரும்போது எனக்குச் சந்தோசம் வருவதில்லை. இதை மலர்க்குழு வெட்டாமல் விட்டால் நல்லது.

பொழுதுபோக்கு என்று தனியாகக் கேட்டால், சத்தம் பிடிப்பேன். தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்று இருக்கிறது. செப்ரெம்பர், ஒக்ரோபரில் சினூக் சல்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஓடைக்கு ஏறி வரும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லை அடித்துக் குழி பறிப்பதைக் காதுக்கருவியில் கேட்டால், யாரோ பக்கத்து அறையில் அரிசி புடைக்கிற மாதிரி என்று மகள் சொல்கிறாள். அவள் அரிசி புடைத்ததை எங்கே கேட்டாள் என்று தெரியவில்லை. ஏரியின் பழைய அத்லாந்திக் சல்மன் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் அற்றுப்போய்விட்டது. இந்தச் சினூக் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. வசந்தத்தில் லெஸ்லி ஸ்ரீற் முனைக்குப் போவேன். இடித்த கட்டடங்களின் கல்லும் கம்பியும் கொட்டி ஏரிக்குள் 5 கிலோமீற்றர் நீட்டிய குப்பைமேடு, இன்று ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடுகட்டும் இடம். கறிவேப்பிலைக்கன்று ஒன்று பனிக்காலம் முழுக்க என் எடிற்றிங் மேசையோரம் நிற்கும். அதற்காக நான் வெளிச்சம் போட, அது மின்கட்டணம் ஏற்றும்.

ஊரில் ஆனையிறவு உப்பளம் இருக்கிறது. அங்கேயும் படம் பிடிக்க வேண்டும். அதற்குமுன் உங்களிடம் ஒரு உதவி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் எடுத்த கலியாண வீடு, சாமத்திய வீட்டு வீ.எச்.எஸ். ரேப்புகள் உங்கள் நிலவறைகளில் கிடக்கும். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் காட்சி அநேகமாகக் கிணற்றடியில்தான் இருக்கும். கட்டு, துலா, கதிகால் வேலி, வாழைப்பாத்தி எல்லாம் பின்னால் நிற்கும். வாளி இறங்கும்போது கயிறு எத்தனை பிடி போகிறது என்று எண்ணினால், அந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்று மட்டுக்கட்டலாம். அத்தையின் பட்டுச்சேலைக்காக எடுத்த வீடியோ எனக்கு நீர்மட்டப் பதிவேடு. ஊர், ஆண்டு, மாதம் மூன்றையும் ரேப்பின் முதுகில் எழுதி, சங்க ஒன்றுகூடலில் என் கையில் தாருங்கள். கணினிக்கு மாற்றி, ரேப்பையும் திருப்பித் தருவேன். பூஞ்சணம் பிடித்ததைத் தயவுசெய்து நீங்களே டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும்.