பழைய குட்டி யானை வாங்கும் முன்: அது என்ன சுமந்தது என்று பாருங்கள்

ஆட்டோ கன்சல்டிங் வாசலில் நிற்கிற லோடு வண்டியைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது மூன்று கேள்விதான்: எந்த வருஷ மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர். கார் வாங்குகிறவருக்கு அது போதலாம். லோடு வண்டியில் மீட்டர் பாதி நேரம் ஓடாது. ஓடினாலும் நம்ப முடியாது. ஓனர் கணக்கும் அப்படித்தான். பெயர் மாற்றாமலே நாலு கை மாறிய வண்டிக்கும் ஆர்.சி.யில் முதல் ஓனர் பெயரே இருக்கும். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வண்டி இதுவரை என்ன ஏற்றியது? “சொந்த உபயோகத்துக்கு ஓட்டுனதுண்ணே, வெளி லோடே அடிக்கல” என்று பதில் வரும். தலையாட்டிவிட்டு, வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றும் வண்டிக்கு எடை குறைவு, ஆனால் விடியற்காலையில் விரட்டியிருப்பார்கள். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நன்றாக இருக்கும். இன்ஜினையும் பிரேக்கையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். பால் வண்டி தெருவுக்குத் தெரு நின்று நின்று போகும். கிளட்ச், ஸ்டார்ட்டர், பிரேக் லைனர் மூன்றும் சீக்கிரம் தேயும். கட்டட வேலைக்கு ஓடியதுதான் ரொம்பப் பாடுபட்ட வண்டி. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸில், பழைய டீசல் வண்டி சுமக்க வேண்டியது 750 கிலோ. 50 கிலோ சிமென்ட் மூட்டை 15 ஏற்றினாலே கணக்கு முடிந்தது. கால் யூனிட் எம்-சாண்ட், அதாவது 25 கன அடி, 1,100 கிலோவைத் தாண்டும். மேலூர் கிரானைட் ஒரு கன அடியே 75 கிலோ அளவுக்கு வரும். 20 லிட்டர் தண்ணீர் கேன் 40 என்றால் 800 கிலோ. 40-ஓடு நிறுத்துகிற கேன் வியாபாரி அபூர்வம்.

எடையைவிட மோசமானது உப்பு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பாடி ஷீட்டின் இடுக்கு வழியாகச் சேஸில் வடிந்துகொண்டே இருக்கும். தூத்துக்குடி உப்பு மூட்டை, உர மூட்டை, கறிக்கோழி ஏற்றிய வண்டிகளும் இதே வகைதான். 2019 மாடல் மீன் வண்டியைவிட 2014 மாடல் பூ வண்டி பல சமயம் மேல். டி.என். 65, டி.என். 69 என்று நம்பர் இருந்தாலே மீன் வண்டி, உப்பு வண்டி என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நம்பரைப் பார்த்தால் கீழே பத்து நிமிடம் கூடுதலாகப் படுத்துப் பாருங்கள்.

சேஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முன் அடிப்பது வழக்கம்தான், ஆனாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சின்னச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று பேசும். அரித்த இடம் ‘டப்’ என்று செத்துப்போன சத்தம் தரும். சேஸில் இருக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுரண்டினால் தகடு தகடாகத் துரு வந்தால் உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். வெளிப்பெயின்ட் அதை நிறுத்தாது. பின் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றியும், கேபினுக்குப் பின்னால் சேஸ் வளையும் இடத்திலும் தலைமுடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெல்டிங் வைத்து, மேலே பிளேட் போட்டிருந்தால் விலை பேசவே வேண்டாம், கிளம்பிவிடலாம். பிரேக் பைப் போகும் பாதையையும் அப்படியே பார்த்துவிடுங்கள். உப்பு பட்ட வண்டியில் அதுதான் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டையாகும்.

அடுத்தது பட்டை. ஓவர்லோடு அடித்ததை எந்த ஓனராலும் இங்கே மறைக்க முடியாது. இரண்டு பக்கமும் பட்டைகளை எண்ணுங்கள். ஒரே கட்டில் சில பட்டைகள் பழுப்பேறி, ஒன்று மட்டும் ஓரம் கூர்மையாகக் கறுப்பாக இருந்தால் அது பின்னால் சேர்த்தது. பட்டை கூடுதலாக இருப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை, இந்த ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அது எதற்காக வந்தது என்பதற்கு ஆக்ஸிலைப் பாருங்கள். சேஸில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பர் இடிக்கிற இடம் பளபளவென்று தேய்ந்திருந்தால், வண்டி மாதக்கணக்கில் அடியோடு அடி உட்கார்ந்து ஓடியிருக்கிறது. சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் சேஸே முறுக்கியிருக்கிறது. நேர் ரோட்டில் வண்டி போகும்போது பின்னால் நின்று பாருங்கள். பின் சக்கரம் முன் சக்கரத் தடத்தில் வராமல் விலகி ஓடினால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம்.

பட்டை சேர்ப்பதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சில மாடல்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு சென்ஸிங் வால்வு இருக்கும். பாடி தாழ்ந்தால் ‘லோடு இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை சேர்த்தால் லோடு ஏற்றினாலும் பாடி தாழாது. வால்வு காலி வண்டி என்றே நினைக்கும், பின் பிரேக் பிடிக்காது, சுமை முழுக்க முன் பிரேக்கில் விழும். அந்தக் கம்பியைக் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டிவைத்த வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன.

இன்ஜின் பார்க்கப் போகும்போது, வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் இரண்டிலும் இன்ஜின் சீட்டுக்கு அடியில். போனதும் சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே எழுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். டீசல் இன்ஜினின் உண்மை முகம் ஆறிய நிலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வ் சீல். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கறும்புகை என்றால் இன்ஜெக்டரோ, அடைத்த ஏர் ஃபில்டரோ. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு தூக்கி எறிந்தால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஏஸின் டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் ஹெட் கேஸ்கெட் போவதற்குப் பெரிய காரணம் போர் தண்ணீர். கூலன்ட் வாங்கக் காசில்லை என்று பெட்ரோல் பங்க் குழாயில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். அந்த உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து வழியை அடைக்கும், சித்திரை வெயிலில் லோடோடு ஏறும்போது முள் சிவப்புக்குப் போகும். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்: பச்சையோ சிவப்போ நிறமாக இருந்தால் நல்லது, செம்மண் கரைசலும் மூடியில் வெள்ளைப் படிவமும் இருந்தால், அந்த வண்டி எப்போதாவது கொதித்திருக்கலாம்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. பத்து சிமென்ட் மூட்டை, அல்லது அந்த எடைக்கு ஏதாவது, ஏற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். திருப்பரங்குன்றம் ரயில்வே பாலம் மாதிரி ஒரு ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா பார்த்து, முதல் கியரில் எடுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எடுக்கும்போதும் விடும்போதும் ‘டணார்’ என்று கீழே அடித்தால், பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு தேய்ந்திருக்கிறது. அது சின்னச் செலவுதான். ஐம்பதுக்கு மேல் பின்னாலிருந்து ஊளை வந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சத்தத்தின் தன்மை மாறினால் கிரவுன், அதாவது பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரம். அது சின்னச் செலவு இல்லை. இறக்கத்தில் மூன்றாவது கியரில் காலை எடுத்தால் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கிறதா என்றும் பாருங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வருகிறதா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் தேய்ந்திருக்கிறது, நின்றுபோனால் பேரிங். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. டயர் பளபளப்பாக இருந்தாலும் ரீட்ரேடா என்று ஓரத்து இணைப்பைத் தடவிப் பாருங்கள்.

பி.எஸ்.6 புகை விதி 2020 ஏப்ரலில் கட்டாயமானது. அந்த வண்டிகளில் இதையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டியில் சைலன்சர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதை வெட்டி உள்ளதை எடுத்துவிட்டு வெறும் குழாயாக வைத்திருந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எது வாங்கலாம் என்றால், ஏஸுக்கு உசிலம்பட்டியிலிருந்து நத்தம் வரை மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கும். 2005-லிருந்து ஓடுகிற வண்டி. மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல், சி.என்.ஜி. எடுங்கள், டீசல் உற்பத்தி நின்றுவிட்டது. நெல், வைக்கோல், மாடு என்று கிராமத்துக்குள் போக பொலிரோ பிக்கப்தான், ஆனால் ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள். 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும், அதற்குள் என்றால் வேண்டாம். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வண்டிக்கு கார் ஓட்டுகிற எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

பேப்பரில் முதலில் எஃப்.சி. தேதி. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. முடிந்த வண்டி என்றால் டிங்கரிங், பெயின்ட், லைட், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் உங்கள் தலையில். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பிறகு பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு வரி, இன்ஷூரன்ஸ், நிலுவை சலான், ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் உள்ள மொபைல் நம்பர் இன்னும் விற்பவர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஓ.டி.பி. அங்கேதான் போகும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று ஓட்டுவது இரண்டு பேருக்கும் ஆபத்து: விபத்தானால் கேஸ் பழைய ஓனர் பெயரில் போகும், அவர் இறந்துவிட்டால் நீங்கள் வாரிசுகள் பின்னால் அலைய வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கொடுங்கள். பழையவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. குலசாமி கும்பிடப் பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் அவர்களுக்கு எந்தப் பாலிசியும் கிடையாது, அதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

தவணை கட்டாததால் பிடித்துவந்து ஃபைனான்ஸ் யார்டில் நிறுத்தியிருக்கும் சீஸிங் வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்கே பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். வெயிலில் நின்ற நாளில் பேட்டரி செத்திருக்கும், டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும், ஸ்டெப்னி காணாமல் போயிருக்கும். அசல் ஆர்.சி. கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

விலை பேசும்போது ‘கொஞ்சம் குறைங்கண்ணே’ என்று கெஞ்சுவதைவிட, டயர், கிளட்ச் செட், கிங் பின், எஃப்.சி. செலவு என்று கடையில் விசாரித்த தொகையை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். வாங்கிய அன்றே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் மூன்றையும் இறக்கி மாற்றுங்கள். இறங்குகிற கிரவுன் ஆயிலில் ஒரு காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் தேய்மானம், துண்டாக ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது. ரேடியேட்டரை நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள். பட்டை யூ போல்ட்டை ஒரு லோடு அடித்த பிறகு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.