வாரிசு மெயில் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

"உங்கள் உறவினர் ஒருவர் வெளிநாட்டில் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார், அவருடைய 10 மில்லியன் டொலர் வங்கியில் கிடக்கிறது" என்று மெயில் வந்தால் சிலர் பார்த்தவுடனே அழித்துவிடுவார்கள். நம் மலையகத்து ஆட்களுக்கு அது அவ்வளவு லேசில்லை. நம்மில் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் பாதிப் பேர் தலைமன்னாரில் கப்பலேறிப் போய், வருசம் போகப்போகக் கடிதமும் நின்றுபோன வீடுகள் எத்தனையோ தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கின்றன. "பெரியப்பா ஒருத்தர் கோத்தகிரிப் பக்கம் போனாரு, அப்புறம் தகவலே இல்ல" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு இந்த மெயில் பொய்யாகத் தெரியாது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் போனில் காட்டினார். கீழே லண்டன் பாரிஸ்டர் என்று கையெழுத்து, அனுப்பிய முகவரியோ சாதாரண ஜிமெயில். செத்தவருக்கும் தம்பிக்கும் ஒரே குடும்பப் பெயராம். தம்பியின் பெயரோடு இருப்பது அவருடைய அப்பா பெயர்! சொந்தப் பெரியப்பா மகனுக்கே அந்தப் பெயர் வராது, லண்டன்காரருக்கு எப்படி வந்தது?

முதல் மெயிலில் காசு கேட்கமாட்டார்கள். அடையாள அட்டைப் படம், வங்கிக் கணக்கு இலக்கம், அதோடு யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி. பிறகு வரி, முத்திரைச் செலவு, கறுப்புப் பணம் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் என்று ஒன்றைக் கட்டினால் இன்னொன்று முளைக்கும். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து உலகமே இதை 419 மோசடி என்கிறது.

அப்பா இறந்த பிறகு அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், இதில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் போய்த் திருத்திக்கொண்டு வர வேண்டும். பெற்ற பிள்ளைக்கே இவ்வளவு பாடு இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவர் முதல் வரியிலேயே நீங்கள்தான் வாரிசு என்கிறார்.

திட்டிக்கூட பதில் போடாதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இன்னும் அனுப்புவார்கள். கணக்கு இலக்கம் ஏற்கெனவே போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், காசும் போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.