ஆக்குபேஷனல் தெரபி முதுகலை: இரண்டாவது விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு

மார்ச் முடிவதற்குள் ஐந்து பதில்களும் வந்துவிட்டன. நான்கு மறுப்பு, ஒன்று காத்திருப்போர் பட்டியல். ஜூனில் அந்தப் பட்டியலிலும் இடமில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயாலோ குறைபாட்டாலோ சிரமப்படுபவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் சிகிச்சைத் துறையின் முதுகலைப் படிப்புக்கு நான் முதல்முறை விண்ணப்பித்தபோது நடந்தது இவ்வளவுதான்.

ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஐந்து கல்லூரிகளுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன்: மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறேன், என் விண்ணப்பத்தில் எது குறையாக இருந்தது? இரண்டு இடங்களிலிருந்து பதில் இல்லை. இரண்டு கல்லூரிகள் தனித்தனியாகக் கருத்துச் சொல்வதில்லை என்று எழுதின. ஐந்தாவது கல்லூரியில் சேர்க்கைப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தொலைபேசியிலேயே கால் மணி நேரம் பேசினார். இடம் கிடைக்காதவர்கள் வெட்கப்படாமல் இதைக் கேட்டுவிட வேண்டும். என் ஓராண்டு உழைப்புக்கு அந்தக் கால் மணி நேரம்தான் திசை காட்டியது.

அவர் மூன்று குறைகளைச் சொன்னார். உடற்கூறியல், உடலியங்கியல் பாடத்தின் இரு பகுதிகளிலும் சி வாங்கியிருந்தேன். நான் காட்டிய 40 மணிநேர அனுபவமும் ஒரே வெளிநோயாளர் கிளினிக்கில் பெற்றது. மூன்றாவது குறைதான் என்னை உலுக்கியது. “உங்கள் விண்ணப்பக் கட்டுரையில் ஆக்குபேஷனல் தெரபி என்று வரும் இடத்திலெல்லாம் நர்ஸிங் என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை” என்றார்.

மதிப்பெண்ணை முதலில் கையில் எடுத்தேன். அந்த இரு பாடங்களையும் ஆய்வகத்தோடு ஒரு சமுதாயக் கல்லூரியில் மறுபடி படித்து, இரண்டிலும் ஏ வாங்கினேன். இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஓடிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் புதிய மதிப்பெண் பழையதை அழித்துவிடாது. இரண்டும் கணக்கில் சேரும். 120 கிரெடிட் (பாட அளவு) முடித்து, நான்குக்கு 3.1 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வைத்திருப்பவர் 8 கிரெடிட்டில் முழு ஏ வாங்கினாலும், மொத்தம் 3.16 வரைதான் ஏறும். ஆனால் முன்தேவைப் பாடங்களை, அதாவது சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டியவற்றை, தனியாகக் கணக்கிடும் கல்லூரிகள் உண்டு. அவற்றில் சில, இரு முறையில் எது உயர்ந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கடைசி 60 கிரெடிட்டைப் பார்க்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. என் பட்டியலை அப்படித் தேடித்தான் மாற்றினேன். ஜிஆர்இ என்ற முதுகலை நுழைவுத் தேர்வைக் கேட்காத கல்லூரிகள் பல இருந்ததால் அதில் நேரம் செலவிடவில்லை.

இரண்டாவது குறையைத் தீர்க்க, மறுவாழ்வு மையம் ஒன்றில் உதவியாளர் வேலையில் சேர்ந்தேன். சக்கர நாற்காலிகளைத் தள்ளுவது, பயிற்சி மெத்தைகளைத் துடைப்பது, அடுத்த நோயாளிக்கான பொருள்களை எடுத்துவைப்பது என்று எளிய வேலைகள்தான். ஆனால் ஏழு மாதம் அந்த அறையிலேயே இருந்தேன். பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள தூரத்தை அங்கேதான் அறிந்துகொண்டேன்.

பக்கவாதத்துக்குப் பின் வந்த பெரியவர் ஒருவரை மறக்க முடியாது. தட்டின் வலது பாதியில் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, போதவில்லை என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். அவருடைய கண்ணில் கோளாறு இல்லை. மூளை இடப்பக்கத்தைக் கவனிக்க மறந்துவிட்டது. தெரபிஸ்ட் தட்டைத் திருப்பி வைத்துவிடவில்லை. இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு நாடாவை ஒட்டி, அந்தச் சிவப்பு தெரியும் வரை தலையைத் திருப்பச் சொன்னார். செய்தித்தாள் வாசிக்கும்போதும் இடது ஓரத்தில் அதே சிவப்புக் கோடு. சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அந்தக் கை கடைசியில். முந்தைய ஆண்டு இவற்றையெல்லாம் பார்த்திருந்தால் ‘தெரபிஸ்ட் அன்பாகச் சட்டை போட உதவினார்’ என்று எழுதியிருப்பேன்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதினேன். பெயரோ, அடையாளமோ இல்லை. என்ன வேலையைச் செய்யச் சொன்னார்கள், எந்த இடத்தில் நின்றுபோனது, தெரபிஸ்ட் எதை மாற்றினார், அதனால் எளிதானதா கடினமானதா என்பதை மட்டும். அந்தத் தெரபிஸ்ட் நேரம் கிடைக்கும்போது அதை வாங்கிப் படித்து, “அவர் ஏன் அந்த இடத்தில் நின்றார் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார். பாதி நாள் என் ஊகம் தவறாகவே இருக்கும். அவரும் பொறுமையாக விளக்குவார். விடுமுறை நாள்களில் ஒரு பள்ளியிலும், கைச் சிகிச்சைக் கிளினிக்கிலும் 20 மணிநேரம் வீதம் உடனிருந்து கவனித்தேன். பென்சிலைப் பிடிக்கச் சிரமப்படும் குழந்தையின் பாதங்கள் தரையில் படுகின்றனவா என்று தெரபிஸ்ட் முதலில் குனிந்து பார்த்ததை அங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

கட்டுரை அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது. இடைவெளியையும் சேர்த்து 7,500 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும். பழைய கட்டுரையை நான் 1917 ஆம் ஆண்டு நிகழ்விலிருந்து தொடங்கியிருந்தேன்: காசநோயாலும் பக்கவாதத்தாலும் முடங்கி, தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் மீண்டெழுந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டன், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் தன் வீட்டில் இத்துறையின் முதல் தேசியச் சங்கத்தைக் கூட்டிய வரலாறு. எனக்கு மிகப் பிடித்த வரலாறுதான். ஆனால் அதைச் சொல்ல நான் தேவையில்லை என்பதால் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் சிவப்பு நாடா வந்தது. சி மதிப்பெண்ணைப் பற்றி இரண்டே வாக்கியங்கள்: அந்தப் பருவத்தில் வாரம் 30 மணிநேரம் வேலை பார்த்தேன், மறுபடி படித்தபோது நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நியாயம் பேசுவது கட்டுரையைக் கெடுக்கும் என்றே நம்புகிறேன்.

பரிந்துரைக் கடிதங்களைப் புதிதாகக் கேட்டு வாங்கினேன். முன்பு 40 மணிநேரம் மட்டும் என்னைக் கண்டவர் நல்ல மனத்தோடு எழுதியிருப்பார், ஆனால் எழுத அவரிடம் என்ன இருந்திருக்கும்? இம்முறை என் தவறான ஊகங்களைக்கூட அறிந்தவர் எழுதினார். சென்றமுறை டிசம்பரில் அனுப்பிய விண்ணப்பத்தை இம்முறை ஆகஸ்டிலேயே அனுப்பினேன். விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே இடங்களை நிரப்பும் கல்லூரிகளில் இந்த நான்கு மாதம் பெரிய வித்தியாசம். ஓடிகாஸில் ஒவ்வொரு பாடத்தையும் நாம் கையால் உள்ளிட்டு, அந்தத் தளத்தார் சரிபார்த்து முடிக்கவே வாரங்கள் ஓடிவிடுகின்றன.

இம்முறை விண்ணப்பித்த எட்டு இடங்களில் மூன்று நேர்காணலுக்கு அழைத்தன. ஒன்றில், சென்ற ஆண்டு விண்ணப்பித்தவர்தானே, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று நேராகவே கேட்டார்கள். நர்ஸிங் என்ற சொல்லைப் போட்டுப் படித்த கதையை அப்படியே சொன்னேன். பிறகு அந்தப் பெரியவரின் தட்டைப் பற்றிச் சொன்னேன். கேள்வி கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போகாமல், நாடாவை எப்போது எடுத்தீர்கள், எடுத்த பிறகு என்ன ஆனது என்று விசாரித்தார். மூன்றாவது வாரத்தில் எடுத்தோம், இரண்டு நாள் பழைய நிலைக்குப் போனார், மறுபடி ஒட்டினோம் என்றேன். நேர்காணலின் மீதி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

அங்கே இடம் கிடைத்தது. இன்னொரு கல்லூரியிலும் கிடைத்தது. படிப்பின் முடிவில் 24 வாரக் களப்பயிற்சி இருக்கிறது. விருப்பப் படிவத்தில் அதன் முதல் பாதிக்குப் பக்கவாத மறுவாழ்வுப் பிரிவு வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.